வழி தவறி வந்த பொருள்

உழைப்பினால் ஈட்டிய பொருளும், பிறர் மனமுவந்து அளித்த பொருளும் ஒருவருக்கு உரியவை. இவ்விரண்டிலும் சேராத பொருளும் சில வேளைகளில் நம்மை வந்தடைவதுண்டு. தெருவில் பணப்பை ஒன்றைக் கண்டெடுத்தவர், அதைத் தவறவிட்டவர் எத்துணை வருந்துவாரோ என்று எண்ணிப் பார்க்கிறார். வங்கிக் கணக்கில் தவறாக வந்து சேரும் பணமோ வெறும் எண்ணாகவே தோன்றுகிறது. ஆதலால், அது பிறர் பொருள் என்னும் நினைவு எளிதில் மறைந்துவிடுகிறது.

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் கிருமாம்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. நெல் வளம் மிக்க பாகூர்ப் பகுதியைச் சேர்ந்தது அவ்வூர். அங்குள்ள உழவர் ஒருவர் நெல் விற்ற பணத்தை எதிர்பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரவேண்டிய தொகை 18,000 ரூபாய். கணக்கிலோ 1,80,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. மகளின் கல்லூரிக் கட்டணம் செலுத்த நாள் நெருங்கிவிட்டது. பழைய கடனும் இருக்கிறது. இந்நிலையில் அவர் செய்யத்தக்கது யாது?

இத்தகைய பிழை நேரும் வகையை முதலில் அறிதல் வேண்டும். தொகையில் ஒரு சுழியம் மிகுதல், கணக்கு எண்ணில் ஓரிலக்கம் மாறுதல், கணிப்பொறி அமைப்பில் கோளாறு ஏற்படுதல் ஆகியவற்றால் பணம் வழி தவறிச் செல்கிறது. பணம் அனுப்பும் முறைகள் சிலவற்றில் பெறுபவரின் பெயர் ஒப்பு நோக்கப்படுவதில்லை. கணக்கு எண் ஒன்றைக் கொண்டே வரவு வைக்கப்படுகிறது. இக்குறையைப் போக்கும் பொருட்டு, அனுப்புமுன் பெறுபவரின் பெயரைக் கண்டறியும் வசதியை 2025 ஏப்ரல் முதல் நாளுக்குள் ஏற்படுத்துமாறு இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது.

பிழையாக வந்த பணத்தைத் தமதென்று கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. பிழையாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தருதல் வேண்டும் என்று 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72 ஆம் பிரிவு கூறுகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தும், 1804 ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் இதே கடமையை விதித்திருந்தது. ஆட்சிகள் மாறினும் இந்நெறி மாறவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அறியாமற் பெறுதல் குற்றமன்று. பிறர் பொருள் என்று அறிந்த பின்னரும் நேர்மையின்றித் தமதாக்கிக் கொள்வதே குற்றம். அதற்கு ஆறு மாதத்திற்குக் குறையாமல் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கலாம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 314 ஆம் பிரிவு கூறுகிறது.

திருப்பூரில் 2012 ஆம் ஆண்டு, பொதுப்பணித் துறைக்குச் செல்லவேண்டிய 40 இலட்சம் ரூபாய் தனியார் ஒருவரின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அவரும் மனைவியும் அதை எடுத்துச் சொத்து வாங்கினர். மகளின் திருமணத்திற்கும் செலவிட்டனர். 2019 ஆம் ஆண்டு இருவருக்கும் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிழை செய்தவர் வேறொருவர்; ஆயினும் செலவு செய்தவர்கள் தண்டனையிலிருந்து தப்பவில்லை.

2023 நவம்பரில் யூகோ வங்கியின் அமைப்பில் நேர்ந்த கோளாற்றினால், ஏறத்தாழ 41,000 கணக்குகளில் 820 கோடி ரூபாய் தவறாக வரவு வைக்கப்பட்டது. சில நாட்களுள் 649 கோடி ரூபாயை வங்கி மீட்டுக்கொண்டது. இப்பரிமாற்றங்கள் குறித்து மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்து விசாரணை மேற்கொண்டது.

இனி, உழவர் செய்யத்தக்கவற்றைக் காண்போம். முதலாவதாக, வந்த பணம் அரசு உதவித்தொகையோ, உறவினர் அனுப்பியதோ என்று விசாரித்துத் தெளிதல் வேண்டும். தமதன்று என்று தெரிந்தால் அதனைத் தொடலாகாது. பிறகு, தொகை, நாள், பரிமாற்ற எண் ஆகியவற்றைக் குறித்துக் கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதி, அதன் படியில் ஒப்புகை பெறுதல் வேண்டும். பணம் திரும்பிச் சென்றபின் கணக்கைச் சரிபார்த்து, அக்கடிதத்தைப் பாதுகாத்தல் நன்று.

மற்றோர் எச்சரிக்கையும் தேவை. "உங்கள் கணக்கில் தவறாகப் பணம் அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று முன்பின் அறியாதவர் தொலைபேசியில் வேண்டினால், இரக்கத்தால் அவ்வாறே செய்துவிடலாகாது. பணம் வந்ததாகப் பொய்ச் செய்தி அனுப்பி ஏமாற்றுவோர் உளர். மோசடியாற் பெற்ற பணத்தைப் பிறர் கணக்கின் வழியே கடத்துவோரும் உளர். வங்கியின் வாயிலாகத் திருப்புவதே பாதுகாப்பானது. மோசடி என்று ஐயுற்றால் 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

உழவர் வங்கிக்குச் சென்று கடிதத்தைக் கொடுக்கிறார். 1,62,000 ரூபாய் திரும்பிச் செல்கிறது. கல்லூரிக் கட்டணத்திற்கு அவர் இன்னும் வழி தேடவேண்டியவரே, கடனும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எங்கோ ஓரிடத்தில், தவறிய பணத்தைக் கணக்கிற் காணாது கலங்கி நின்ற ஒருவர், அன்று அமைதியாக வீடு திரும்புவார். அவர் முகத்தை உழவர் ஒருபோதும் காணப்போவதில்லை. காணாத ஒருவரின் துயரையும் தம் துயராக எண்ணுவதே நேர்மையின் வேராகும்.