கை நடுங்குவது ஏன்?

நினைத்தோம், கை நீண்டது. அசைவு என்பது அவ்வளவுதான் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. ஒரு விரலை அசைப்பதற்கும் மூளையின் பல பகுதிகள் கூடிப் பணியாற்ற வேண்டியிருக்கிறது. அவற்றை இணைக்கும் நடுவிடம் தலாமஸ் என்னும் உறுப்பு.

கிரேக்க மொழியில் தலாமஸ் என்றால் உள்ளறை என்று பொருள். மூளையின் நடுவே, வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக, சிறு முட்டை வடிவில், ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளத்தில் அது அமைந்திருக்கிறது. கண், காது, தோல் ஆகியவை அனுப்பும் செய்திகள் இவ்வுள்ளறை வழியாகவே பெருமூளையின் மேற்பரப்பாகிய புறணியை அடைகின்றன. அசைவிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பழவேற்காடு ஏரியை அடுத்த பசியாவரத்தில் மீனவர்கள் வலையைச் செப்பனிடுவதை நான் கண்டிருக்கிறேன். ஊசி கண்ணிக்குள் நுழைகிறது, நூல் சுற்றுகிறது, முடிச்சு விழுகிறது. வாயோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறது! இக்கைக்குரிய கட்டளை புறணியிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்குகிறது. எவ்வளவு விசை, எங்கே நிறுத்தம் என்பதைச் சிறுமூளை கணக்கிடுகிறது. எந்த அசைவை விடுவது, எதைத் தடுப்பது என்பதைப் பெருமூளையின் அடியிலுள்ள நரம்புத் திரள்கள் தேர்கின்றன. இவ்விரண்டும் தம் முடிவைப் பெரும்பாலும் தலாமஸ் வழியாகவே புறணிக்குத் தெரிவிக்கின்றன.

இச்சுற்றில் பழுது நேர்ந்தால் அசைவு கெடுகிறது. பார்க்கின்சன் நோயில், டோபமைன் என்னும் பொருள் குறைவதால் அடித்திரள்களின் தடை இறுகுகிறது. நடை மந்தமாகிறது, மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்குகிறது. வேறொரு வகை நடுக்கம், கை வேலை செய்யும்போதே தோன்றும். பல குடும்பங்களில் வழிவழியாகத் தொடர்வதும் உண்டு. சிறிது மது அருந்தினால் இது சற்று நேரம் அடங்கி, பின்னர் மீண்டும் மிகலாம். அதனால் குடியே நடுக்கத்தைத் தந்தது என்று ஊரார் பழிப்பதும், குடியே மருந்து என்று நோயாளி மயங்குவதும் நேர்கின்றன. இரண்டும் தவறு.

தலாமஸின் பங்கைத் தெளிவாக்கியது அறுவை மருத்துவம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார் டாக்டர் பி. ராமமூர்த்தி. பின்னர் அவரும், டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும், டாக்டர் டி. எஸ். கனகாவும் சென்னையில் இவ்வகை நுண் அறுவையை வளர்த்தனர். தலையில் சட்டம் பொருத்தி, இடத்தை அளந்து, மெல்லிய ஊசியைச் செலுத்தித் தலாமஸின் ஒரு சிறு புள்ளியைச் செயலிழக்கச் செய்வது அம்முறை. பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். இடப்புறத் தலாமஸைத் தொட்டால் வலக்கையின் நடுக்கம் அங்கேயே நிற்கும்! 1987-இல் பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரில் பெனாபிட் என்பவர், அப்புள்ளியை அழிக்காமல், விரைந்த மின்துடிப்பினாலேயே நடுக்கத்தை அடக்கலாம் என்று காட்டினார்.

எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. மருந்தினால் நலம் பெறுவோர் பலர். தைராய்டு மிகுதியாலும் சில மருந்துகளாலும்கூட நடுக்கம் வரலாம். ஆகவே காரணத்தை அறிவதே முதற்கடமை. வலை பின்னும் கை நடுங்கினால் ஒரு குடும்பத்தின் உணவு குறையும். அக்கையை மறைத்துக்கொண்டு வீட்டில் அமர்வதை விட்டு, மருத்துவரிடம் நீட்டிக் காட்டுவதே அறிவுடைமை. அதைக் கண்டு நகைப்பவர்கள், நடுங்குவது அவர் மனவுறுதி அன்று, மூளையின் உள்ளறை வழியே செல்லும் ஒரு செய்தியே என்பதை உணர்தல் வேண்டும்.