டெரோசியோ எழுதிய கடிதம்

கல்கத்தா இந்துக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய ஹென்றி டெரோசியோ, மாணவர் பெரிதும் விரும்பிய இளைஞர். அவர் நாத்திகம் போதித்து மாணவரைக் கெடுக்கிறார் என்று பழி எழுந்தது. நிருவாகக் குழு அவரை விசாரியாமலே விலக்கத் துணிந்தது. 1831 ஏப்பிரல் 25ஆம் நாள் அவர் தாமே பதவி துறந்தார்.

அன்றே, குழுவைச் சார்ந்த வடமொழி அறிஞர் வில்சன் அவருக்கு மூன்று வினாக்களை எழுதி அனுப்பினார். கடவுள் இல்லையென்று கற்பித்தீரா? பெற்றோர்க்குப் பணிதல் கடமையன்று என்றீரா? உடன்பிறந்தார் தம்முள் மணத்தல் தகும் என்றீரா?

மறுநாள் எழுதிய விடைக் கடிதத்தில், பின்னிரண்டையும் டெரோசியோ அடியோடு மறுத்தார். தந்தையின் வீட்டை விட்டு நீங்க எண்ணிய மாணவர் ஒருவரைப் பொறுத்திருக்குமாறு தாம் வேண்டியதையும் எடுத்துக்காட்டினார்.

முதல் வினாவுக்குரிய விடையே கடிதத்தின் உயிர்நிலை. தத்துவ ஞானி ஹியூம் எழுப்பிய ஐயங்களைக் கற்பித்தது உண்மை. ரீட், ஸ்டூவர்ட் என்போர் அவற்றிற்குக் கூறிய மறுப்புகளைக் கற்பித்ததும் உண்மை. ஒரு பக்கத்தை மட்டும் காட்டி மாணவரைப் பிடிவாதக்காரராக்குதல் ஆசிரியர் தொழிலன்று என்பதே அவர் வாதம்.

கடிதம் பதவியை மீட்டுத் தரவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 26ஆம் நாள், 22 வயதில், வாந்திபேதியால் டெரோசியோ மறைந்தார். ஆயினும், குழு கேளாது விட்ட விளக்கம் அக்கடிதத்தில் நிலைபெற்றுவிட்டது.