கொல்லிமலைச் சந்தை வணிகமும் விலைகளும்

கொல்லிமலைச் சந்தை வணிகம் என்பது நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையின் விளைபொருட்கள் மலைச் சந்தைகளிலும் அடிவாரச் சந்தைகளிலும் விற்கப்படும் முறையையும், மலைமக்கள் தமக்கு வேண்டிய பொருட்களை வாங்கும் முறையையும் குறிக்கும். சாமை, தினை, கேழ்வரகு, மரவள்ளிக் கிழங்கு, மிளகு, காப்பி, வாழை, அன்னாசி, பலா, தேன் ஆகியவை இங்கு விற்பனையாகும் முதன்மையான பொருட்கள். உப்பு, துணி, மண்ணெண்ணெய், கருவாடு, இரும்புக் கருவிகள் போன்றவை நெடுங்காலமாகச் சமவெளியிலிருந்து மேலே வருபவை. மலைச் சரக்கின் விலை பெரும்பாலும் மலையில் முடிவாவதில்லை. சரக்கு எத்தனை நாள் கெடாமல் இருக்கும், அதை யார் கீழே இறக்குகிறார், விற்பவரால் காத்திருக்க முடியுமா என்ற மூன்றும் சேர்ந்தே அவ்விலையைத் தீர்மானிக்கின்றன.

நாடுகளும் சந்தைகளும்

கொல்லிமலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. மேற்பரப்பின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் உள்ளது. மக்களில் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இப்பெயர் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்குவது. இவர்களின் தாய்மொழி தமிழே.

மலை பல நாடுகளாகப் பிரிந்துள்ளது. பைல் நாடு, வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு முதலிய பழைய நாட்டுப் பெயர்களே இன்று ஊராட்சிகளின் பெயர்களாகவும் உள்ளன. ஒவ்வொரு நாட்டிலும் பல சிற்றூர்கள் தள்ளித் தள்ளி அமைந்துள்ளன. ஆகவே பைல் நாட்டு உழவர் ஒருவரின் சரக்கு முதலில் காட்டிலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து வண்டி வரும் சாலைக்கும், அங்கிருந்து சந்தைக்கும், பின்னர் அடிவாரத்துக்கும் போக வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கூலி சேரும்.

மலைமேல் செம்மேடும் சோளக்காடும் முதன்மையான கடைவீதிகள். சோளக்காட்டுச் சந்தை பழங்களுக்குப் பெயர் பெற்றது. அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம், பேளுக்குறிச்சி, ராசிபுரம் ஆகிய ஊர்களும், கிழக்கே திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூரும் மலையோடு வணிகத் தொடர்புடையவை. பேளுக்குறிச்சியின் சனிக்கிழமைச் சந்தை மளிகைச் சரக்குக்கு அறியப்பட்டது. வாரச் சந்தை இப்பகுதியின் வாழ்வில் எவ்வளவு ஊன்றியது என்பதை ஊர்ப் பெயர்களே காட்டும். நாமக்கல் அருகே புதன்சந்தை என்றே ஓர் ஊர் உண்டு. சேலத்தின் செவ்வாய்ப்பேட்டையும் செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்றது.

தலைச்சுமைக் காலம்

மலைச்சாலை வருவதற்கு முன் சரக்கு ஒற்றையடிப் பாதைகளில் தலைச்சுமையாகவே இறங்கியது. மேற்கே காரவள்ளிப் பக்கமும் கிழக்கே புளியஞ்சோலைப் பக்கமும் இறங்கும் பாதைகள் இருந்தன. விடியுமுன் புறப்பட்டுச் சந்தை கூடும் வேளைக்குக் கீழே சேர வேண்டும்.

இதனால் சுமக்கும் எடைக்குத் தகுந்த மதிப்புள்ள பொருளே விற்பனைக்குப் போனது. தேன், கடுக்காய், மிளகு, நல்ல பழங்கள் ஆகியவை சுமப்பதற்குப் பயன் தந்தன. சாமையும் கேழ்வரகும் பெரும்பாலும் வீட்டு உணவாகவே நின்றன. உபரி இருந்தால் மட்டுமே தானியம் இறங்கும்.

பொழுது சாயும்போது பேரம் தலைகீழாகும். இறக்கிய சுமையை மீண்டும் மலையேற்ற யாரும் விரும்பமாட்டார். இதை வாங்குபவரும் அறிவார். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று ஆவதற்கு இதுவே காரணம். விற்ற பணத்தில் அன்றே உப்பும் துணியும் வாங்கியாக வேண்டும் என்பதால், அடுத்த சந்தை வரை பொறுத்திருக்கும் வாய்ப்பும் குறைவு.

அளவைகளும் நாணயமும்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விலையைப் புரிந்துகொள்ள அக்கால அளவைகளை அறிய வேண்டும்.

நாணயம்: 1 ரூபாய் = 16 அணா. 1 அணா = 12 தம்படி. தசம நாணயம் 1957 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது.
முகத்தல் அளவை: 8 ஆழாக்கு = 1 படி. கொங்குப் பகுதியில் பொதுவாக 4 படி = 1 வள்ளம்.
நிறுத்தல் அளவை: 40 பலம் = 1 வீசை (ஏறத்தாழ 1.4 கிலோ). 8 வீசை = 1 மணங்கு (ஏறத்தாழ 11.3 கிலோ).

படியும் வள்ளமும் ஊருக்கு ஊர் சிறிது மாறின. அளக்கும் முறையும் மாறியது. படியின் மேல் கோபுரமாகக் குவித்து அளப்பது ஒன்று, தலை வழித்து அளப்பது மற்றொன்று. வாங்கும்போது குவித்தும் விற்கும்போது வழித்தும் அளக்கும் வணிகரிடம், சொன்ன விலை மாறாமலேயே உழவருக்கு இழப்பு நேரும். மெட்ரிக் எடைகள் 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின் இந்த வேறுபாடு குறைந்தது. ஆயினும் சந்தைப் பேச்சில் படி இன்னும் வழங்குகிறது.

அக்கால அரசு விலைப் பட்டியல்கள் இன்றைய முறைக்கு நேர்மாறானவை. ஒரு சேர் தானியத்துக்கு எத்தனை அணா என்று எழுதாமல், ஒரு ரூபாய்க்கு எத்தனை சேர் என்று எழுதினர். எண் குறைந்தால் விலை ஏறியது என்று பொருள். எடுத்துக்காட்டாக, ரூபாய்க்கு 10 சேர் என்பது 8 சேர் ஆனால் விலை 25 விழுக்காடு உயர்ந்துள்ளது. பழைய பட்டியல்களைப் படிப்போர் இதைக் கவனிக்காவிட்டால் பஞ்ச காலத்தை மலிவுக் காலமாகப் பிழையாகக் கொள்ள நேரும்.

உப்பின் விலை

மலையில் விளையாத, ஆனால் இல்லாமல் வாழ முடியாத பொருள் உப்பு. பிரித்தானிய ஆட்சியில் அதன் விலையில் வரியும் அடங்கியிருந்தது. வரி கணக்கிடப்பட்ட அரசு மணங்கு மேலே சொன்ன மணங்கினும் பெரியது, ஏறத்தாழ 37.3 கிலோ. ஒரு மணங்குக்கான வரி பின்வருமாறு மாறியது.

1903க்கு முன்: 2 ரூபாய் 8 அணா
1907 முதல்: 1 ரூபாய்
1916 முதல்: 1 ரூபாய் 4 அணா
1923: 2 ரூபாய் 8 அணா
1924 முதல்: மீண்டும் 1 ரூபாய் 4 அணா

1907ஆம் ஆண்டு வீதப்படி ஒரு கிலோ உப்புக்கு ஏறத்தாழ 5 தம்படி வரி. 1923ஆம் ஆண்டு வீதப்படி ஏறத்தாழ 13 தம்படி, அதாவது ஓர் அணாவுக்கும் சற்று அதிகம். 1922 வரை ஓர் அஞ்சலட்டையின் விலை கால் அணா, அதாவது 3 தம்படி என்பதோடு ஒப்பிட்டால் இதன் சுமை விளங்கும். இது வரி மட்டுமே. உப்பு விளையும் கடற்கரையிலிருந்து வண்டிக் கூலி, கடைக்காரர் இலாபம், மலையேற்றும் உழைப்பு ஆகியவை இதன் மேல் சேரும். உப்பு வரி 1947இல் நீக்கப்பட்டது.

போரும் மந்தமும்

உலக நிகழ்வுகள் சமவெளிச் சந்தை வழியாக மலையை எட்டின. முதல் உலகப் போரின் இறுதியில் தானியம், துணி, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலை கடுமையாக ஏறியது. 1918இல் மழையும் பொய்த்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையிலும் மாகாணத்தின் வேறு பல ஊர்களிலும் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. 1930களின் பொருளாதார மந்தத்தில் இதற்கு மாறாக, சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழ பாதியாக வீழ்ந்தது. தானியத்தைத் தானே விளைவித்து உண்ணும் குடும்பத்தை விலையேற்றம் குறைவாகவே தாக்கும். ஆனால் துணிக்கும் உப்புக்கும் காசு தேட விளைச்சலில் ஒரு பங்கை விற்றாக வேண்டிய குடும்பத்துக்கு விலை வீழ்ச்சி நேரடி இழப்பு.

மரவள்ளியின் வருகை

இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மாவுப்பொருள் இறக்குமதி நின்றதால், 1940களில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் தொழில் தோன்றியது. பின்னர் இது சேலம், ராசிபுரம், ஆத்தூர் பகுதிகளில் பரவியது. ஆலைகளின் தேவையும் மலைச்சாலையும் சேர்ந்து கொல்லிமலையின் பயிர்முறையை மாற்றின. சாமையும் தினையும் விளைந்த மேட்டு நிலங்களில் மரவள்ளி நிறைந்தது. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தலைச்சுமையாக இறக்க முடியாத கிழங்கு இச்சாலை வழியே லாரியில் இறங்குகிறது.

ஆலைகள் கிழங்கின் எடையோடு மாவுச்சத்தையும் பார்த்து விலை தருகின்றன. மாவுச்சத்து புள்ளிகளாகக் கணக்கிடப்பட்டு, ஒரு புள்ளிக்கு இவ்வளவு ரூபாய் என்று விலை பேசப்படுகிறது. ஒரே நாளில் ஒரே எடை கிழங்கு இறக்கிய இருவருக்கு வெவ்வேறு தொகை கிடைப்பது இதனால்தான். புள்ளியை அளப்பது வாங்கும் தரப்பு என்பதே உழவர்களின் நெடுநாள் மனக்குறை. ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்கு 1981இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது ஆலைகள் தரும் ஜவ்வரிசியையும் மாவையும் விற்றுத் தருவது, உழவரின் கிழங்கை வாங்குவது அன்று.

மரவள்ளி பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். வண்டியில் ஏற்றிய பின் விலை பிடிக்கவில்லை என்று திரும்ப முடியாது. அக்காலத் தலைச்சுமைக்காரரின் மாலை நேரப் பேரம் இங்கு வேறு வடிவில் தொடர்கிறது.

காத்திருக்கும் சரக்கு

பலாவும் அன்னாசியும் மரவள்ளி போலவே காத்திருக்காதவை. பருவத்தில் எல்லாத் தோட்டங்களிலும் ஒரே நேரத்தில் பழுப்பதால் விலை சரியும். இதனால் காய்க்கும் முன்பே மரத்தைக் குத்தகைக்குப் பேசி முன்பணம் வாங்கிக்கொள்வோர் உண்டு. முன்பணம் உடனடித் தேவைக்கு உதவும். ஆனால் பருவத்தில் விலை ஏறினால் அந்த ஆதாயம் வணிகரையே சேரும்.

மிளகு இதற்கு நேர்மாறானது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிடப்படும் கொடியிலிருந்து பறித்து நன்கு உலர்த்தினால் பல மாதங்கள் வீட்டிலேயே வைத்திருக்கலாம். பல குடும்பங்களுக்கு மிளகு மூட்டையே சேமிப்பு. திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ பணம் தேவைப்படும்போது சிறிது சிறிதாக விற்பர். ஆனால் அதன் விலை உலகச் சந்தையோடு கட்டுண்டது. 2000களின் தொடக்கத்தில் வியட்நாம் உலகின் முதன்மை மிளகு ஏற்றுமதி நாடானபோது இந்திய விலை வீழ்ந்தது. மலிவான இறக்குமதியைத் தடுக்க இந்திய அரசு 2017 டிசம்பரில் மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை விதித்தது.

சிறுதானியத்தின் விலை

சாமை நெடுங்காலம் கெடாது. ஆனால் உமியோடு விற்றால் மிகக் குறைந்த விலையே கிடைக்கும். அரிசியாக்க வேண்டுமெனில் உரலில் குத்திப் புடைக்க வேண்டும். அந்த வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. நியாயவிலைக் கடை அரிசி எளிதாகக் கிடைத்ததும், மரவள்ளி காசு தந்ததும், குத்தும் உழைப்பின் சுமையும் சேர்ந்து சிறுதானியப் பரப்பைக் குறைத்தன. வெள்ளப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை போன்ற உள்ளூர் வகைகள் அருகின.

1990கள் முதல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் உள்ளூர் விதைகளைக் காப்பதோடு, ஊர்களில் உமி நீக்கும் பொறிகளையும் மாவரைக்கும் பொறிகளையும் அமைக்க உதவியது. மகளிர் குழுக்கள் சாமையை அரிசியாகவும் மாவாகவும் பொதிந்து விற்கத் தொடங்கின. விற்பதற்கு முன் செய்யும் வேலை மலையிலேயே நடந்தால் அதற்குரிய விலையும் மலையிலேயே தங்கும் என்பது இம்முயற்சியின் அடிப்படை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது.

பிற நாட்டு ஒப்பீடு

ஒரே வணிகரை நம்பியிருக்கும் நிலை கொல்லிமலைக்கு மட்டும் உரியதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிற்றூர்களில் உழவர்கள் வெண்ணெயையும் முட்டையையும் ஊர்க் கடையில் கொடுத்து, அதற்கு ஈடாக மளிகையும் துணியும் கணக்கில் எடுத்தனர். வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் அதே கடைக்காரர் சொன்னார். சியர்ஸ் போன்ற நிறுவனங்களின் விலைப் புத்தகங்கள் வீடுகளை அடைந்ததும், 1913இல் அங்கு பொதி அஞ்சல் தொடங்கியதும் அந்நிலையைத் தளர்த்தின. வேறிடத்து விலை தெரிந்ததே உழவருக்குப் பேரம் பேசும் வலிமை தந்தது.

இன்றைய நிலை

இன்று கைப்பேசி வழியே அடிவார விலை மலையில் உடனே தெரிகிறது. பழங்குடியினருக்கான பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழுக்கள், சுற்றுலாப் பயணிகளிடம் நேரடி விற்பனை ஆகியவை வணிகரைத் தவிர்த்த வழிகளாக உள்ளன. ஆடி 17, 18 ஆகிய நாட்களில் நடக்கும் வல்வில் ஓரி விழாவின்போது அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் வருவோரிடம் பழமும் தேனும் மிளகும் மிகுதியாக விற்பனையாகும்.

ஆயினும் விலையை அறிவது வேறு, அவ்விலையைப் பெறுவது வேறு. முன்பணம் வாங்கியவரும், பிடுங்கிய கிழங்கை வண்டியில் ஏற்றியவரும் அறிந்த விலையைக் கேட்டு நிற்க முடிவதில்லை. உலர்த்தவும், சேமிக்கவும், உமி நீக்கவும் மலையிலேயே வசதி பெருகும் அளவுக்கே கொல்லிமலை உழவரால் தம் விலையைத் தாமே சொல்ல முடியும்.