கார்டு போட இடம் இருக்கா, தம்பி?

செல்போன் கடை. கண்ணாடி மேஜை மேல் நான்கு புது போன்கள் வரிசையாக இருக்கின்றன. மகன் கேமராவைப் பார்க்கிறான். மகள் நிறத்தைப் பார்க்கிறாள். அம்மா மட்டும் போனின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ''மெமரி கார்டு போட இடம் இருக்கா, தம்பி?'' என்று கேட்கிறார்.

கடைக்காரத் தம்பி சிரிக்கிறார். ''அதெல்லாம் இப்ப யாரும்மா போடுறாங்க? உள்ளேயே 128 ஜி.பி. இருக்கு. தாராளமா போதும்.''

'ஏம்மா மானத்தை வாங்குற' என்பதுபோல் மகன் திரும்பிப் பார்க்கிறான். அம்மா பேசாமல் இருந்துவிடுகிறார்.

எந்த ஊர் செல்போன் கடையிலும் கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் அனுபவம் இருக்கும். பழைய போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து உயிரைவிட்டிருக்கும். உள்ளே இருந்த கார்டை எடுத்துத் துடைத்து, காயவைத்து, வேறு போனில் போட்டதும் தாத்தாவின் சதாபிஷேகப் படங்கள் ஒன்றுவிடாமல் வந்திருக்கும். போன் போனாலும் படம் போகவில்லை என்ற அந்த நிம்மதிதான் கடையில் கேள்வியாக வெளியே வருகிறது.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால், கார்டுக்கு இடம் இருப்பது மட்டுமே அதற்குப் பதிலாகிவிடாது.

பாட்டு ஏற்றிய காலம்

கேமராக்களில் போடும் எஸ்.டி. கார்டை 1999-ல் சான்டிஸ்க், பானசோனிக், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து அறிமுகப்படுத்தின. போன்களுக்கு ஏற்றபடி அதைச் சுருக்கி, 2004-ல் 'டிரான்ஸ்ஃப்ளாஷ்' என்ற பெயரில் சான்டிஸ்க் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அது 'மைக்ரோ எஸ்.டி.' ஆனது. 15 மில்லி மீட்டர் நீளம், 11 மில்லி மீட்டர் அகலம், 1 மில்லி மீட்டர் கனம். சுண்டுவிரல் நகத்தில் உட்கார்ந்துவிடும்.

அன்றைய போன்களுக்கு அதுதான் உயிர்நாடி. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனின் உள் நினைவகம் வெறும் 256 எம்.பி. கார்டு இல்லாமல் நாலு படம்கூட நிம்மதியாக எடுக்க முடியாது. நம் ஊர்க் கடைகளில் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று பலகை தொங்கிய காலம் அது. இளையராஜா, ரஹ்மான், பக்திப் பாடல் என்று எது கேட்டாலும் ஒரு கார்டில் நிரப்பித் தருவார்கள். ஒரே கார்டு அப்பாவின் போனிலிருந்து மாமாவின் போனுக்கும், அங்கிருந்து ஆட்டோவின் பாட்டுப்பெட்டிக்கும் பயணம் போகும்.

2007-ல் வந்த ஐபோன் மட்டும் தொடக்கத்திலிருந்தே கார்டுக்கு இடம் தரவில்லை. இன்றுவரை தந்ததும் இல்லை. ஆண்ட்ராய்டு பக்கம் ஊசலாட்டம் இருந்தது. சாம்சங் தன் எஸ் வரிசையில் 2015-ல் வந்த எஸ்6 போனில் கார்டு இடத்தை எடுத்தது. 2016-ல் எஸ்7 போனில் திரும்பக் கொடுத்தது. 2021-ல் எஸ்21 வந்தபோது மறுபடி எடுத்துவிட்டது. இன்று கார்டு போடும் வசதி பெரும்பாலும் குறைந்த விலை, நடுத்தர விலை போன்களில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஏன் எடுத்தார்கள்?

முதல் காரணம் வேகம். போன்களில் பரவலாக இருக்கும் மைக்ரோ எஸ்.டி. இணைப்பின் உச்ச வேகம் விநாடிக்கு 104 எம்.பி. அதுவும் ஏட்டளவில்தான். விலை உயர்ந்த போன்களில் இப்போது இருக்கும் 'யு.எஃப்.எஸ். 4.0' வகை உள் நினைவகம் விநாடிக்கு 4,200 எம்.பி. வரை படிக்கக்கூடியது. மாட்டு வண்டிக்கும் ரயிலுக்கும் உள்ள தூரம் இது. செயலிகளைக் கார்டில் வைத்தால் போன் திணறுவது இதனால்தான். பழி என்னவோ போன்மேல் விழும்.

இரண்டாவது, பாதுகாப்பு. இன்றைய போன்கள் உள் நினைவகத்தில் இருப்பதை எல்லாம் பூட்டுப் போட்டு, அதாவது குறியாக்கம் செய்துதான் வைக்கின்றன. திருடன் போனைப் பிரித்துச் சிப்பைக் கழற்றினாலும் அவனுக்கு ஒன்றும் புரியாது. சாதாரணமாகப் பயன்படுத்தும் கார்டில் அந்தப் பூட்டு இல்லை. எடுத்தவர் எவரும் தன் போனில் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, பணம். ஒரே போனை 128 ஜி.பி.யில் ஒரு விலைக்கும் 256 ஜி.பி.யில் இன்னொரு விலைக்கும் விற்கிறார்கள். கார்டு போட முடிந்தால், கூடுதல் விலை கொடுத்துப் பெரிய நினைவகத்தை வாங்க வேண்டிய அவசியம் பலருக்கு இருக்காது.

பூட்டின் மறுபக்கம்

பாதுகாப்புக் காரணம் உண்மையானதுதான். போன் தொலைந்துபோனால் அந்தப் பூட்டு நம்மைக் காப்பாற்றும். ஆனால், போன் தொலையாமல் 'செத்துப்போனால்', அதே பூட்டு நமக்கும் சேர்த்துத்தான். மதர்போர்டு எரிந்துவிட்டால் உள்ளே இருக்கும் படங்களை எடுக்க, அந்தப் போனையே எப்படியாவது ஒருமுறை உயிர்ப்பிக்க வேண்டும். சிப்பை மட்டும் கழற்றி வேறு போனில் வைத்துப் படிக்க வழியில்லை.

தவறிப்போய் அழித்த படங்களிலும் இதே வித்தியாசம் உண்டு. கார்டில் அழித்த படம் அந்த நிமிடமே மறைந்துவிடுவதில்லை. அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். உடனே கார்டை வெளியே எடுத்து, மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காமல், கணினியில் மீட்பு மென்பொருள் போட்டால் திரும்பக் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. உள் நினைவகத்தில் குப்பைத்தொட்டியையும் தாண்டி அழித்தது ஏறக்குறைய போனதுதான்.

அம்மாவின் அனுபவம் பொய் சொல்லவில்லை. கழற்றி எடுக்கக்கூடியது என்பதே கார்டின் பெரிய பலம்.

கார்டும் கைவிடும்

அதற்காகக் கார்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. உள் நினைவகமும் கார்டும் 'ஃப்ளாஷ்' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய தொழில்நுட்பம் அது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்னஞ்சிறு அறைகளில் மின்னூட்டத்தை அடைத்துவைப்பதுதான் அதன் சூத்திரம். ஒவ்வோர் அறையையும் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரே அறை தேய்ந்துபோகாமல் வேலையைப் பகிர்ந்து கொடுப்பது உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப். மலிவான கார்டுகளில் அந்தச் சிப்பும் மலிவானதாகவே இருக்கும்.

கார்டு சாகும்போது முன்னறிவிப்பு கொடுப்பது அரிது. நேற்றுவரை நன்றாக இருந்திருக்கும். இன்று காலையில், 'கார்டு பழுதாகியுள்ளது, ஃபார்மேட் செய்யவும்' என்று திரையில் வரும். பதற்றத்தில் பலர் 'சரி' என்பதை அழுத்திவிடுகிறார்கள். அழுத்தக் கூடாது. போனை அணைத்து, கார்டை எடுத்து, கார்டு ரீடர் மூலம் கணினியில் போட்டுப் பார்க்க வேண்டும். கணினிக்குத் தெரிந்தால் முதல் வேலையாகப் படங்களை நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. அடைத்துவைத்த மின்னூட்டம் ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கசியும். கல்யாணக் கார்டைப் பட்டுப்புடவை மடிப்பில் வைத்துப் பாதுகாப்பவர்கள், ஆண்டுக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்த்து வேறோர் இடத்தில் நகல் வைப்பது நல்லது.

போலி கார்டு பொல்லாதது

இன்னோர் ஆபத்து, போலிகள். 16 ஜி.பி. கார்டின் உள் மென்பொருளை மாற்றி, '512 ஜி.பி.' என்று போனிடம் பொய் சொல்லவைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். போனும் 512 என்றே காட்டும். முதல் 16 ஜி.பி. வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு எடுக்கும் படங்கள் பழைய படங்களின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் பதியாமலே போகும். சுற்றுலா முடிந்து வீட்டுக்கு வந்து பார்க்கும்போதுதான் பாதிப் படங்கள் திறக்காது என்பது தெரியவரும்.

விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. புதுக் கார்டை முதலில் கணினியில் சோதித்துப் பார்ப்பது இரண்டாவது. 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ', 'எஃப்3' போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும். ஆனால், 64 ஜி.பி. கார்டு கணினியில் 59 சொச்சம் என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார், கணினி 1,024-களில் எண்ணுகிறது. கணக்குமுறை வித்தியாசம், அவ்வளவுதான்.

எதை எங்கே வைப்பது?

கார்டு போடக்கூடிய போன் வாங்குகிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம்.

* இரண்டு சிம்மும் கார்டும் ஒரே நேரத்தில் போட முடியுமா என்று கேளுங்கள். 'ஹைப்ரிட்' தட்டு என்றால் இரண்டாவது சிம் அல்லது கார்டு, இரண்டில் ஒன்றுதான்.

* செயலிகள் உள் நினைவகத்தில் இருக்கட்டும். படம், பாட்டு, வீடியோ, பிள்ளைகளின் பாடக் கோப்புகள் கார்டுக்குப் போகட்டும்.

* அட்டையில் 'ஏ1' அல்லது 'ஏ2', 'வி30' போன்ற குறிகளைப் பாருங்கள். 'வி30' என்றால் விநாடிக்குக் குறைந்தது 30 எம்.பி. தொடர்ந்து எழுதும் என்று பொருள். வீடியோ எடுப்பவர்களுக்கு அது உதவும்.

* சில ஆண்ட்ராய்டு போன்கள், 'கார்டை உள் நினைவகமாக மாற்றிக்கொள்ளவா?' என்று கேட்கும். 2015-ல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்த வசதி இது. சம்மதித்தால் கார்டு அந்தப் போனோடு சேர்த்துப் பூட்டப்பட்டுவிடும். வேறு போனில் போட்டால் படிக்காது. போன் போனால் படமும் போகும். எதற்காகக் கார்டு வாங்கினோமோ அதுவே பாழாகிவிடும்.

* வாட்ஸ்அப் படங்கள் தானாகக் கார்டுக்குப் போகாது, உள்ளேதான் குவியும். 'காலை வணக்கம்' படங்களை மாதம் ஒருமுறை கழித்தாலே பாதிப் பாரம் குறையும்.

* கார்டைக் கழற்றும் முன் செட்டிங்ஸில் 'இஜெக்ட்' அல்லது 'அன்மவுன்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள். போனைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள்.

மூன்றாவது இடம்

'எல்லாம் கிளவுடில் இருக்கிறதே' என்று இளையவர்கள் சொல்வார்கள். கூகுள் போட்டோஸில் அளவு சுருக்கிய படங்களை வரம்பில்லாமல் இலவசமாக வைக்கும் வசதி 2021 ஜூன் 1-ம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து இலவச இடம் 15 ஜி.பி. அது நிறைந்துவிட்டால் புதுப் படங்கள் மேலே போகாது. மின்னஞ்சலும் வராது. நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பைத் தள்ளிவிட்டு, படங்கள் பத்திரமாகப் போய்க்கொண்டிருப்பதாக நினைத்திருப்பவர்கள் ஏராளம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. அந்தச் செயலியில் ஒரு படத்தைச் சாதாரணமாக அழித்தால், கிளவுடில் இருப்பதும் சேர்ந்தே அழியும். 60 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். அதற்குப் பிறகு அங்கேயும் இருக்காது.

உள் நினைவகம், கார்டு, கிளவுட் ஆகிய மூன்றில் எது பத்திரம் என்று கேட்டால், தனியாக எதுவும் பத்திரம் இல்லை. ஒரு படம் இரண்டு இடங்களில் இருந்தால்தான் அது இருப்பதாக அர்த்தம். வீட்டு நகையில் கொஞ்சம் லாக்கரிலும் கொஞ்சம் பீரோவிலும் வைக்கிற நம் வீட்டுப் பழக்கம் இங்கேயும் உதவும். நகையைப் பிரித்துத்தான் வைக்க முடியும். படத்தை முழுதாகவே இரண்டு இடத்திலும் வைக்கலாம்.

கார்டு இடம் இல்லாத போன் வாங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. சார்ஜர் செருகும் டைப்-சி துளையிலேயே செருகக்கூடிய பென்டிரைவும் கார்டு ரீடரும் கடைகளில் கிடைக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரை மணி நேரம் போதும். அந்த மாதத்துப் படங்களில் நல்லவற்றைப் பென்டிரைவுக்கு நகலெடுத்து, இரண்டு படங்களைத் திறந்து பார்த்துச் சரிபார்த்து, மூடிவைத்தால் வேலை முடிந்தது. இறந்துபோன பாட்டி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு போன்றவற்றையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளலாம். படம் என்றால் வேறு யாரிடமாவது இருக்கும். அந்தக் குரல் இந்த ஒரு போனில் மட்டும்தான் இருக்கும்.

கடையில் மேஜை முன் நிற்கும் அந்த அம்மாவிடம் மீண்டும் வருவோம். 128 ஜி.பி. போதுமா, 256 வேண்டுமா என்பது மகன் தீர்மானிக்கட்டும். கார்டுக்கு இடம் இல்லை என்பதற்காக அந்தப் போனை வேண்டாம் என்று சொல்லவும் தேவையில்லை. ஆனால், பில் போடும் முன் அவர் இன்னொரு கேள்வி கேட்கலாம். ''தம்பி, இந்தப் போன் நாளைக்கே தண்ணியில விழுந்துட்டா, எங்க அப்பா படமெல்லாம் வேற எங்கே இருக்கும்?''

அதற்குப் பதில் கடைக்காரத் தம்பியிடம் இருக்காது. வீட்டில் இருக்க வேண்டும்.