ஆகாயம் யாருடைய சொத்து?

பத்திரிகை படிப்பதற்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். ரேடியோ கேட்பதற்கோ டெலிவிஷன் பார்ப்பதற்கோ யாதொரு படிப்பும் வேண்டியதில்லை. விசையை அழுத்தத் தெரிந்தால் போதும். மூன்று வயதுக் குழந்தை அந்தக் காரியத்தைச் செவ்வையாகச் செய்துவிடுகிறது. அப்படியிருக்க, இதற்கென்று கலாசாலையில் ஒரு பாடம் எதற்கு என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். "அறிவிப்பாளர் உத்தியோகத்துக்குப் போகிறவர்களுக்கு வேண்டுமானால் உபயோகப்படலாம்" என்று பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொள்ளுகிறவர்களும் உண்டு.

வானொலி, தொலைக்காட்சி, கேபிள் ஆகிய மூன்றையும் பற்றிய ஆரம்பப் பாடத்தை அமெரிக்கக் கலாசாலைகள் வெகு காலமாக நடத்தி வருகின்றன. நம் நாட்டிலும் வெகுஜனத் தொடர்பியல் பயிலும் மாணாக்கர்கள் இதைப் படிக்கிறார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் எப்படிப் பேசுவது என்பது அதில் ஓர் அம்சமே தவிர, பாடத்தின் உயிர்நிலை அதுவன்று. அது சில கேள்விகளில் இருக்கிறது. முதற் கேள்வி இது: பத்திரிகை நடத்த விரும்புகிறவர் அதைப் பதிவு செய்துகொண்டால் போதும், வானொலி நிலையம் நடத்த மட்டும் சர்க்காரின் லைசென்ஸ் வேண்டியிருப்பது ஏன்?

ஒரே மேடையில் இரண்டு வித்துவான்கள் உட்கார்ந்து, ஒரே சமயத்தில் வெவ்வேறு கீர்த்தனங்களைப் பாடத் தொடங்கினால் என்ன ஆகும்? சபையோருக்கு இரண்டும் கிடையாது, தலைவலிதான் மிஞ்சும். ஒரே ஊரில் இரண்டு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பினாலும் இதே கதிதான். அலைவரிசைகளோ அளவுக்கு உட்பட்டவை.

இதை அமெரிக்கர்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 1920 நவம்பர் 2-ந் தேதி பிட்ஸ்பர்க் நகரத்து கே.டி.கே.ஏ. நிலையம் ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பியது. இரண்டே வருஷங்களில் நூற்றுக்கணக்கான நிலையங்கள் முளைத்துவிட்டன. இவற்றைக் கட்டுப்படுத்த வர்த்தக மந்திரிக்கு அதிகாரம் இல்லை என்று 1926-ல் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, அவரவரும் இஷ்டப்பட்ட அலைவரிசையில் புகுந்தார்கள். பெட்டியைத் திறந்தால் ஒரே கூச்சல்! 1927-ல் ரேடியோச் சட்டம் பிறந்தது. அலைவரிசை எவருடைய சொந்தச் சொத்தும் ஆகாது; பொதுஜன நன்மைக்கு உபயோகிப்பவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு லைசென்ஸ் வழங்கப்படும் என்பதே அதன் சாரம். 1934-ல் வந்த சட்டமும் இந்தக் கொள்கையையே நிலைநிறுத்தியது.

இரண்டாவது கேள்வி: செலவு யாருடையது? 1922-ல் நியூயார்க் நிலையம் ஒன்று, வீடு விற்கும் கம்பெனி ஒன்றுக்குத் தன் நேரத்தில் பத்து நிமிஷத்தை விலைக்குக் கொடுத்தது. விளம்பரத்தால் வாழும் வானொலியின் வழி அங்கே திறந்தது. இங்கிலாந்திலோ, 1927-ல் பொது ஸ்தாபனமாக மாறிய பி.பி.ஸி., கேட்பவர்கள் செலுத்தும் லைசென்ஸ் கட்டணத்தில் நடந்தது. சென்னையில் 1924-ல் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியாரின் முயற்சியால் மாகாண ரேடியோக் கிளப் தோன்றியது. ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் குறைவு. 1927-ல் அது ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. பின்னர் 1930-ல் சென்னை நகரசபை அந்தப் பணியை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் தொடங்கிற்று. செலவு செய்பவர் மாறும்போதெல்லாம் நிகழ்ச்சியின் குணமும் மாறுகிறது. விளம்பரக்காரருக்குப் பெருங் கூட்டம் வேண்டும். சர்க்காருக்குத் தன் பெருமை வேண்டும். கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பதை யார் கவனிப்பது?

மூன்றாவது கேள்வி நம் தேச சரித்திரத்தோடு பின்னிக் கிடக்கிறது. பேசும் உரிமை யாருக்கு? 1942-ல் மகாத்மாவையும் மற்றத் தலைவர்களையும் சிறையிலிட்ட அந்நிய சர்க்காரிடமே ஆகாயமும் இருந்தது. அப்பொழுது பம்பாயில் இருபத்திரண்டு வயது உஷா மேத்தாவும் தோழர்களும் இரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். போலீசார் மோப்பம் பிடித்துத் தொடர, இடம் மாற்றி மாற்றி ஒலிபரப்பினார்கள். நவம்பரில் பிடிபட்ட உஷா மேத்தாவுக்கு நாலு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒலிபரப்பியதற்கு இவ்வளவு பெரிய தண்டனை ஏன் என்று சிந்திக்கும் மாணாக்கனுக்கு, அந்தக் கருவியின் வலிமை வேறு விளக்கமின்றியே புலப்படும்.

தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ந் தேதி டில்லியில் சிறு அளவில் ஆரம்பமாயிற்று. 1975 ஆகஸ்டு முதல் ஒரு வருஷம், அமெரிக்காவிடம் இரவல் பெற்ற செயற்கைக்கோளின் உதவியால், ஆறு ராஜ்யங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு விவசாயம், சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. மின்சார விளக்கையே அதிகம் காணாத ஊர்களில் ஜனங்கள் ஒன்றுகூடி உட்கார்ந்து பார்த்தார்கள். பொதுச் சொத்தைப் பொது நன்மைக்குப் பயன்படுத்த முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் சொல்வது அரிது.

கேபிளின் கதை வேறு. 1948-ஐ ஒட்டி, அமெரிக்காவின் மலைப்பிரதேச ஊர்களில் படம் சரியாகத் தெரியாததால், குன்றின் உச்சியில் ஒரு வாங்கியை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி இழுத்தார்கள். நம் ஊர்களிலோ 1990-களில் மொட்டை மாடியில் ஒரு பெரிய குடை மல்லாந்தது. அதிலிருந்து கிளம்பிய கம்பி தென்னை மரத்திலும் விளக்குக் கம்பத்திலும் தாவித் தெருத் தெருவாகப் போயிற்று. சட்டம் மூச்சு வாங்க ஓடி வந்து அதைப் பிடித்தது 1995-ல். கம்பியில் இடம் தாராளம். அலைவரிசைப் பஞ்சம் இல்லை. ஆயினும் எந்தச் சானல் வீட்டுக்குள் வரலாம், எது வரக்கூடாது என்பது கம்பியைப் பிடித்திருப்பவர் கையில் போய்விட்டது. வாசல் அகலமானாலும் வாயிற்காப்போன் போகவில்லை!

அதே 1995-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி, நமது சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. வழக்கு என்னவோ கிரிக்கெட் ஆட்டத்தை ஒளிபரப்புவது பற்றியதுதான். ஆனால் அலைவரிசைகள் பொதுச் சொத்து. அவற்றைப் பொது நன்மைக்கே உபயோகிக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. சர்க்காரின் ஏகபோகமும் கூடாது, தனியாரின் ஏகபோகமும் கூடாது என்பதே அதன் கருத்து. இருந்தும், 2001-ல் தொடங்கிய தனியார் பண்பலை நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி திரட்டி ஒலிபரப்பும் உரிமை கொடுக்கப்படவில்லை. பாட்டுக்கு அநுமதி உண்டு, செய்திக்கு இல்லை! இதன் நியாயத்தை வகுப்பில் விவாதித்தால் ஒரு வாரம் போதாது.

சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1-ந் தேதி தன் வளாகத்தில் ஒரு சமுதாய வானொலியைத் தொடங்கியது. பெரிய நிலையங்களின் ஒலி பல நூறு மைல் செல்லும். இதன் ஒலி சில மைலோடு நின்றுவிடும். எனினும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குரல் ஆகாயத்தில் ஏறுவதற்கு அதில் இடம் இருக்கிறது. பொதுச் சொத்து என்ற சொல்லுக்கு அங்கே ஓர் அர்த்தம் ஏற்படுகிறது.

ஆகவே, தங்கள் பெண்ணோ பிள்ளையோ இந்தப் பாடத்தை எடுக்க விரும்பினால், பெற்றோர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. உத்தியோகம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் தமக்குப் பங்குள்ள ஒரு சொத்தின் பத்திரத்தைப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு உண்டாகும். நிலத்தில் ஒரு சாண் குறைந்தால் நாம் நியாயஸ்தலம் வரையில் போகிறோம். ஆகாயத்திலும் நமக்குப் பங்கு உண்டு. அதை யார் அநுபவிக்கிறார்கள், அதற்கு ஈடாக நமக்கு என்ன தருகிறார்கள் என்று கணக்குக் கேட்பது சுதந்திர நாட்டுப் பிரஜையின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.