மேல்படுக்கைக்கு ஓர் ஏணி

வாகனக் கடன் பிரிவில் பணிபுரிவோருக்குப் பட்டறைகள் புதியவை அல்ல. வாகனத்தின் உள்வேலைக்கான கடனை ஒரே முறையில் கொடுத்துவிடாமல், வேலை வளர வளரப் பகுதி பகுதியாக விடுவிப்பது வழக்கம். ஒவ்வொரு முறையும் நேரில் சென்று பார்த்துக் குறிப்பு எழுத வேண்டும். அவ்வாறுதான் பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையிலுள்ள ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தேன். எங்கள் கிளையின் வாடிக்கையாளர்களான ஒரு தம்பதியர், 17 இருக்கைகள் கொண்ட வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றிக்கொண்டிருந்தனர். ஹம்பிக்கும் குடகுக்கும் குழந்தைகளுடன் செல்லும் குடும்பங்களுக்கு அதை வாடகைக்கு விடுவது அவர்களுடைய திட்டம்.

சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் எல்லாம் முறையாக அமைந்திருந்தன. பின்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு படுக்கைகள். கீழே பெற்றோர், மேலே பிள்ளைகள். மேல்படுக்கை தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தது. அதன் விளிம்பில் கொக்கி மாட்டித் தொங்கவிடப்பட்ட ஓர் ஏணி. மூன்றே படிகள், அவையும் உருண்டைக் குழாய்கள்.

அவர்களுடைய ஏழு வயது மகளும் உடன் வந்திருந்தாள். ஏறிக் காட்டச் சொன்னதும் அணிலைப் போல ஏறிவிட்டாள். தந்தையின் முகத்தில் பெருமிதம். "இப்போது இறங்கு" என்றார் தாய். குழந்தை குப்புறப் படுத்து, ஒரு காலைக் கீழே விட்டுத் துழாவினாள். செங்குத்தான ஏணியின் படி, படுக்கையின் அடியில் மறைந்து நின்றது. பிடித்துக்கொள்ள மெத்தை விரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. கால் தட்டியதில் ஏணியின் கொக்கி ஒரு பக்கம் எழும்பியது. "அம்மா" என்று குரல் வந்ததும், தந்தை ஓடிச்சென்று தூக்கி இறக்கினார். "பழகிவிடும்" என்றார்.

பழகாது என்று எனக்குத் தெரியும். என் தந்தையின் பணிமாற்றத்தை ஒட்டி, எட்டு வயதில் சென்னையிலிருந்து நாக்பூருக்கு இரயிலில் சென்றபோது, அடம்பிடித்து மேல்படுக்கையைப் பெற்றேன். நள்ளிரவில் இறங்க முயன்று, படி என்று நினைத்துக் கால் வைத்த இடம் நடுப்படுக்கையில் உறங்கிய ஒருவரின் தோள். அவர் போட்ட சத்தத்தில் மீண்டும் மேலேறியவள், விடியும்வரை கழிவறைக்குக்கூட இறங்கவில்லை.

ஏறும்போது குழந்தை விழித்திருக்கிறது; விளக்கு எரிகிறது; பெரியவர்கள் அருகில் நிற்கிறார்கள்; படிகள் கண்ணுக்கு நேரே உள்ளன. இறங்கும்போது இவற்றில் ஒன்றும் இல்லை. ஆகவே ஏணியை இருட்டில், அரைத் தூக்கத்தில், பின்புறமாக இறங்கும் காலுக்காகவே அமைக்க வேண்டும். இதைச் சொன்னதும் பட்டறையின் மூத்த மேஸ்திரி அளவு நாடாவை எடுத்துக்கொண்டார்.

முதலில் ஏணியின் சாய்வு. அடிப்பகுதியை ஓரடி வெளியே தள்ளியதும், துழாவும் காலுக்கு முதல் படி எட்டியது. உடலின் பாரம் கைகளிலிருந்து பாதங்களுக்கு இறங்கியது. சாய்வுக்கு ஏற்பக் கொக்கிகளை வளைத்து, எழும்பாதபடி ஒரு குச்சிப்பூட்டும் வைத்தார். நடைபாதை குறுகியதாகையால், பகலில் ஏணியைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிட ஏற்பாடு. இழுப்பறைகளுடன் கூடிய பெட்டிப் படிக்கட்டு இதைவிடச் சிறந்தது. பெரிய வாகனம் வைத்திருப்போர் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து, படிகள். உருண்டைக் குழாய் வெறுங்காலின் உள்வளைவில் அழுத்தி வலி தரும். வலிக்குப் பயந்து குழந்தை கடைசிப் படியிலிருந்து குதிக்கும். எனவே மூன்று அங்குல அகலமுள்ள தட்டையான பலகைகளை, முனை மழுக்கிப் பொருத்தினார்கள். 12 அங்குல இடைவெளி 9 ஆயிற்று. மூன்று படிகள் நான்காயின. ஒவ்வொன்றிலும் வழுக்காத சொரசொரப்பு நாடா. மங்கிய ஒளியிலும் தெரியும் வெளிர் மஞ்சள் நிறத்தில்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கைப்பிடி. பெரும்பாலான ஏணிகள் படுக்கையின் விளிம்போடு முடிந்துவிடுகின்றன. குழந்தை உடலைத் திருப்பும் அந்தக் கணத்தில்தான் பிடிமானம் தேவை. மெத்தைக்கு மேலே ஓரடி உயரம்வரை செல்லும் நெட்டுக் கம்பி ஒன்றைச் சுவரில் பொருத்தச் சொன்னோம். வெறும் ப்ளைவுட்டில் திருகாணி அடித்தால் ஒரு மாதத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று மேஸ்திரி பலகையைக் கழற்றி, வாகனத்தின் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார். அந்த ஒரு கைப்பிடிக்கு அரை நாள் பிடித்தது.

விளிம்புத் தடுப்புக்கு, அமெரிக்காவில் வீட்டு அடுக்குக் கட்டில்களுக்கு 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள விதிகளை அளவாகக் கொண்டோம். தடுப்பு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். இடைவெளிகள் மூன்றரை அங்குலத்துக்கு மிகக் கூடாது. ஏறும் வழி 15 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆறு வயது நிறையாத குழந்தையை மேலே படுக்க வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் அவற்றில் உண்டு. சொகுசுக்காகக் கனத்த மெத்தையை மாற்றிப் போடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மெத்தை இரண்டு அங்குலம் தடித்தால், தடுப்பு இரண்டு அங்குலம் குட்டையாகிறது.

தரையோரம் ஒரு சிறு எல்இடி விளக்கு, படுத்தபடியே எட்டும் சுவிட்சுடன் வைக்கப்பட்டது. இவை அனைத்துக்கும் ஆன செலவு ரூ.6,000-க்குள் அடங்கியது.

வண்டி ஓடும்போது மேல்படுக்கையில் எவரும் இருக்கலாகாது. 14 வயது நிறையாத குழந்தைகளுக்கு இருக்கைப் பட்டையோ உரிய பாதுகாப்பு இருக்கையோ கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி மீறினால் ரூ.1,000 அபராதம். ஏணிக்கு அனுமதி தேவையில்லை. ஆயின் பயணியர் வேனைக் கேரவனாக மாற்றுவது அதே சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு உட்பட்டது. பதிவுச் சான்றில் மாற்றம் பதியப்பட வேண்டும். கடன் நிலுவையிலுள்ள வாகனமெனில் வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதத்தை முதலில் பெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள்.

இரண்டாம் ஆய்வுக்குச் சென்றபோது, கதவை மூடி, பெரிய விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையை இறங்கச் சொன்னோம். கம்பியைப் பற்றித் திரும்பி, நிதானமாக இறங்கினாள். ஆனால் ஒரு கையால்தான். மறு கையில் கரடி பொம்மை. எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தாய் உடனே கைப்பையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து, மேல்படுக்கைச் சுவரில் எங்கே ஆணி அடிக்கலாம் என்று மேஸ்திரியிடம் கேட்டார். பொம்மையும் தண்ணீர்ப் புட்டியும் இனி அதில் இருக்கும். காலையில் அம்மா எடுத்துக் கொடுப்பார் என்று பேசி முடித்தார்கள். குழந்தை சற்று யோசித்து ஒப்புக்கொண்டாள்.

ஆய்வுக் குறிப்பில் 'உள்வேலைப்பாடு' என்ற பத்தியில் "ஏணி, கைப்பிடி, தடுப்பு சரிபார்க்கப்பட்டன" என்று எழுதி, மூன்றாம் தவணையை விடுவிக்கப் பரிந்துரைத்தேன்.