மணி கோத்த தொங்கட்டான்

மணிக் கம்மலில் மூன்றே பாகங்கள்: மணி, அதைத் தாங்கும் கம்பி, காதில் மாட்டும் கொக்கி. கடையில் எல்லாரும் அரைமணி நேரம் மணியைத்தான் பொறுக்குவார்கள். ஆனால் கம்மல் கழன்று விழுவது கம்பியால். காது புண்ணாவது கொக்கியால்.

கண்ணாடி, பிளாஸ்டிக், மரம், சுடுமண் எனப் பலவகை மணிகள் கிடைக்கின்றன. பொடிப் பாசிமணிகளை எண் சொல்லி விற்பார்கள். எண் ஏற ஏற மணி சிறுக்கும். 8ஆம் எண் மணி சுமார் 3 மி.மீ., 11ஆம் எண் சுமார் 2 மி.மீ. இருக்கும். கண்ணாடிக் குழம்பை மெல்லிய குழாயாக இழுத்து, ஆறியபின் துண்டுதுண்டாக நறுக்குவதே இவற்றைச் செய்யும் முறை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படி மணி செய்து கடல்கடந்து அனுப்பினார்கள். கண்ணாடி மணி கையில் சில்லென்று இருக்கும், கனமும் கூட. அழகு அதற்குத்தான் என்றாலும், நீளமாகத் தொங்கும் கம்மலுக்கு மரமோ பிளாஸ்டிக்கோ போதும். கனம் கூடினால் காதுத் துளை நாளடைவில் கீழே இழுபட்டு நீளும்.

வேலைக்கு வட்டமூக்குக் குறடு, தட்டைமூக்குக் குறடு, கம்பி வெட்டும் கட்டர் ஆகிய மூன்றும் வேண்டும். கம்பியை ஹெட்பின் என்று கேட்டு வாங்கலாம். குண்டூசிபோல் ஒரு முனையில் தலை இருக்கும். மணியின் துளை பெரிதாக இருந்து தலை உள்ளே நழுவினால், அடியில் ஒரு பொடிப் பாசியை முதலில் கோத்துவிட வேண்டும்.

மணிகளைக் கோத்தபின், கடைசி மணியை ஒட்டியே கம்பியைச் செங்கோணமாக மடக்க வேண்டும். மடக்கியதில் சுமார் 1 செ.மீ. விட்டு மிச்சத்தை நறுக்கிவிடலாம். அந்த முனையை வட்டமூக்குக் குறட்டால் பிடித்து, மடக்கிய திசைக்கு எதிராக உருட்டினால் வளையம் உருவாகும். ஒரே மூச்சில் உருட்டக் கூடாது. பாதி உருட்டி, பிடியை மாற்றி, மீதியை உருட்ட வேண்டும். வளையம் மணியின் நடுவுக்கு நேர்மேலே உட்கார்ந்து, முனை இடைவெளியின்றி மூடியிருந்தால் சரி. குறட்டின் மூக்கு நுனியை நோக்கி ஒடுங்குவதால், பிடிக்கும் இடம் மாறினால் வளையத்தின் அளவும் மாறிவிடும். குறட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இரண்டு கம்மலும் ஒரே அளவாக வரும். கனமான மணி என்றால் கம்பியை 3 செ.மீ. அளவுக்கு விட்டு, வளையத்தின் கழுத்தில் இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடுவதே பத்திரம்.

கொக்கியை மாட்டுவதற்காக வளையத்தைத் திறக்கும்போது இரு முனைகளையும் பக்கவாட்டில் இழுத்து அகட்டினால் வட்டம் கெட்டுவிடும். திரும்ப மூடினாலும் இடைவெளி நிற்கும். ஒரு முனையை முன்னும் மற்றதைப் பின்னுமாகத் திருப்பித் திறந்து, அதே வழியில் மூட வேண்டும். தட்டையான மணி முகம் காட்டாமல் ஓரம் காட்டித் தொங்கினால் வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவில் ஜம்ப் ரிங் என்ற சிறு கம்பி வளையம் ஒன்றைச் சேர்த்தால் போதும், திரும்பிக்கொள்ளும்.

கவரிங் போட்டால் காது அரிக்கிறது, நீர் வடிகிறது என்பவர்கள் பலர். பெரும்பாலும் இதற்குக் காரணம் நிக்கல். மேல்பூச்சு தேய்ந்ததும் உள்ளிருக்கும் நிக்கல் தோலில் படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், காது குத்திய துளைக்குள் செல்லும் பொருளிலிருந்து ஒரு சதுர செ.மீ. பரப்பில் வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்று விதியே உண்டு. ஜெர்மன் சில்வர் என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. அதில் வெள்ளி கிடையாது. செம்பும் துத்தநாகமும் நிக்கலும் கலந்தது அது. ஒத்துக்கொள்ளாத காதுக்கு டைட்டானியம் கொக்கியோ 92.5 வெள்ளிக் கொக்கியோ வாங்குவது நல்லது. பழைய கொக்கியில் நிறமற்ற நகப்பூச்சு அடிப்பது சில நாள்தான் தாங்கும்.

பின்பக்கம் திறந்த கொக்கிகள், புடவைத் தலைப்போ ஹெல்மெட்டோ பட்டால் நழுவிவிடும். அதற்கென்று நிறமற்ற ரப்பர் அடைப்பான்கள் ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கின்றன. கொக்கியின் வால் முனை கூராக இருந்தால், காதில் மாட்டும் முன் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்.